மொட்டை மாடியில் இருக்கும் பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்த அன்று சாயங்காலம் கடலூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே காட்சிதான். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அப்பா கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். கணிதம் அப்படியே 100-க்கு. இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. கூட்டினால் 200-க்கு இன்ஜினியரிங் கட்-ஆஃப். 162 என்று வந்ததும் மாமாவுக்கு ஒரு போன், சித்தப்பாவுக்கு ஒரு போன். பையன் மொட்டை மாடியில் இருப்பான். அவனிடம் மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நானும் அப்படிக் கணக்குப் போட்ட அப்பாதான். அதிலும் வாத்தியார், கேட்க வேண்டுமா! என் மகன் எட்டாவது படிக்கும்போதே வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போடுவான். சாயங்காலத்துக்குள் திரும்பப் பூட்டியும் வைத்துவிடுவான். அதற்கு என்னிடம் திட்டுதான் வாங்கினான். ஊரே கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றது, சேர்த்துவிட்டேன். மூன்றாவது செமஸ்டர் முடிவில் ஏழு அரியர்.

அப்புறம்தான் மற்ற வழிகளை விசாரித்தேன். பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டு. ஐடிஐ-யில் இரண்டு வருஷத் தொழிற்பிரிவு முடித்தவருக்கும் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு உண்டு. ஐடிஐ-யோடு படிப்பு முடிந்துவிடும் என்று நாமாகத்தான் நினைத்துக்கொள்கிறோம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் ஐடிஐ-க்கும் பொருந்தும். பாகூர்ப் பக்கத்துப் பெற்றோர் இதைக் கேட்டுவிட்டு கடலூர்க்காரர் சொன்னபடி விண்ணப்பிக்க வேண்டாம். புதுச்சேரிக்கு மாணவர் சேர்க்கை நடத்தும் சென்டாக் தனி, விதிகளும் தனி.

சரி, எதில் சேர்ப்பது? சிவில் என்கிறானா, கட்டடம் நடக்கிற இடத்தில் ஒரு பகல் வெயிலில் நிற்கட்டும். நர்சிங் என்கிறாளா, இரவுப் பணி முடித்து வரும் அக்கா யாரிடமாவது காலையில் பத்து நிமிஷம் பேசட்டும். ஆசை தாங்குமா என்பது அங்கே தெரிந்துவிடும். விளம்பரப் பலகையில் தெரியாது.

வீட்டில் உறவினர் சூழ உட்காரவைத்துக் கேட்டால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு மெதுவாக சில்வர் பீச் பக்கம் போங்கள். முகம் பார்க்காமல் பேசுவது அவர்களுக்குச் சுலபம். ‘அப்பா, எனக்கு மோட்டாருக்குக் காயில் கட்டத் தெரியும்’ என்று என் மகன் முதன்முதலாகச் சொன்னது தேவனாம்பட்டினம் போகும் சாலையில்தான். அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது.

வணக்கம்.