பர்மா கல் என்று பெருமையாகச் சொன்னார்

(ஹட்டனில் நண்பர்கள் கூடிய இடத்தில் பேசியது, கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கச்சிகளே, வணக்கம்.

பொகவந்தலாவைப் பக்கம் ஆற்றோரத்தில் மாணிக்கக்கல் தோண்டுவதை உங்களில் நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். இல்லம் என்கிற அந்தச் சரளை மண்ணைக் கூடையில் அள்ளித் தண்ணீரில் சுற்றிச் சுற்றி அலசினால் சேறு ஓடிப்போகும், கனமான கல் அடியில் தங்கும். அந்த நிமிடம் வரை கல்லுக்கு ஒரு ஊர் உண்டு, தோண்டிய ஆளும் உண்டு. பட்டை தீட்டி மோதிரத்தில் பதித்துவிட்டால் இரண்டுமே தெரியாது. துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு வசதியாகப் போனது இதுதான்.

சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த போரில் கிளர்ச்சிக்காரர்கள் வைர வயல்களைப் பிடித்துவைத்து, சனங்களை மிரட்டித் தோண்ட வைத்தார்கள், ஊர் மக்களின் கைகளை வெட்டினார்கள். வைரம் லைபீரியா வழியாகப் போனது, ஆயுதம் அதே வழியாக வந்தது. அவர்களுக்குத் துணைபோன முன்னாள் லைபீரிய ஜனாதிபதி சார்ல்ஸ் டெய்லருக்கு 2012இல் 50 ஆண்டு சிறை விதித்தார்கள்.

இப்படிப் போருக்குப் பணம் தரும் வைரம் சந்தைக்கு வராமல் தடுக்க 2003இல் கிம்பர்லி சான்றிதழ் முறை வந்தது. நல்லதுதான். ஆனால் அது தடுப்பது பட்டை தீட்டாத வைரத்தை மட்டும், அதுவும் அரசை எதிர்க்கும் குழு விற்றால் மட்டும். அரசின் படையே சுட்டால்? சிம்பாப்வேயின் மராங்கே வயலில் 2008இல் அதுதான் நடந்தது, அந்த வைரத்துக்கும் பிறகு ஏற்றுமதி அனுமதி கிடைத்தது. இந்த முறை வரவேண்டும் என்று பாடுபட்ட குளோபல் விட்னஸ் அமைப்பே 2011இல் விலகிவிட்டது.

சரி, நாம் எங்கே வைரம் வாங்குகிறோம் என்பீர்கள். சூரியனுக்குச் சிவப்புக்கல் போடச் சொல்லி ஜோசியர் சொன்னால், கடன் வாங்கியாவது வாங்குகிறோமே! அந்தக் கல்லுக்குக் கிம்பர்லியும் இல்லை. மியன்மாரின், அதாவது பர்மாவின், மோகொக் சிவப்புக்கல்லுக்குத்தான் உலகச் சந்தையில் பெரிய பெயர். அங்கே 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது, ஏப்ரலில் அந்நாட்டு அரச இரத்தினக்கல் நிறுவனத்துக்கு அமெரிக்கா தடை போட்டது, ஏனென்றால் அந்த வருமானம் இராணுவத்தின் கைக்குப் போகிறது.

வாங்காவிட்டால் தோண்டுகிறவன் பட்டினி கிடப்பானே என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி, நம் ஆட்களும் குழியில் இறங்குகிறவர்கள்தானே. அதனால்தான் கல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எந்த ஊர்க் கல் என்று கேட்டு வாங்குங்கள் என்கிறேன்.

போன வருஷம் அம்மாவோடு ஒரு நகைக்கடைக்குப் போனேன். “பர்மா கல்லும்மா, ஃபர்ஸ்ட் குவாலிட்டி” என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். யாரிடம் வாங்கினீர்கள், எந்த வருஷம் வந்தது, அதைப் பில்லில் எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். பேனாவை எடுத்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மூடி வைத்துவிட்டார். அம்மா கல்லை அந்தப் பஞ்சிலேயே திரும்ப வைத்துவிட்டு எழுந்தார்.