வெள்ளைச் சில்லுகளும் தண்ணீர்க் குழாயும்

நேயர்களுக்கு வணக்கம். "பையன் நல்லா படம் வரைவான் சார், ஆர்க்கிடெக்சர் சேர்க்கலாமா?" என்று கேட்டு வரும் பெற்றோரிடம், கட்டடம் வடிவமைக்கும் நானும் ஒரு கேள்வி கேட்பேன். கல்யாண வீட்டில் உங்கள் பையன் என்ன செய்துகொண்டிருப்பான்? சாம்பார் வாளியோடு பந்தியில் ஓடுவானா, ஓரமாக உட்கார்ந்து மணவறை ஜோடனையைப் பார்த்துக்கொண்டிருப்பானா?

விளையாட்டுக்காகக் கேட்பதில்லை. 1950களின் கடைசியில், அமெரிக்காவின் பெர்க்லியில் டொனால்ட் மெக்கின்னன் என்ற உளவியலாளர், பேர்பெற்ற கட்டடக்கலைஞர்கள் 40 பேரை வரவழைத்துச் சோதித்தார். மூளைத்திறன் மதிப்பெண்ணை வைத்து யார் பெரிய படைப்பாளி என்று சொல்ல முடியவில்லை. கல்லூரியில் பலர் சுமார்தான். ஆனால் கண்ணெதிரே இருப்பதைவிட இனி வரக்கூடியதில் மனம் போவது, ஊர் என்ன சொல்லும் என்று கவலைப்படாதது ஆகிய குணங்கள் அவர்களிடம் தூக்கலாக இருந்தன. ஒரு சோதனையில் பல நிறச் சில்லுகளைக் கொடுத்து ஒரு சித்திரம் அமைக்கச் சொன்னார்கள். வந்தவர்களில் ஒருவரான ஏரோ சாரினென் வெள்ளையை மட்டும் எடுத்துப் பலகை முழுக்க நிரப்பிவிட்டார்!

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தின் 630 அடி எஃகு வளைவு அவர் வடிவமைத்ததுதான். 1961இல் அவர் இறந்துவிட்டார். 1965 அக்டோபர் 28 அன்று உச்சியில் கடைசித் துண்டைச் செருக வேண்டும். வெயில் ஏறினால் தெற்குக் கால் விரிந்துவிடும், துண்டு உட்காராது. தீயணைப்புக் குழாயால் அந்தக் காலின் மேல் தண்ணீர் பீய்ச்சிக் குளிரவைத்துச் செருகினார்கள். இது வாளி தூக்குகிறவர்களின் மூளை. அவர்களை யாரும் பெர்க்லிக்கு அழைக்கவில்லை.

நான் ஓரமாக உட்காரும் ரகம். முதல் சைட்டில் திடீரென்று மழை பிடித்தபோது நான் வரைபடத்தை மூட ஓடினேன், மேஸ்திரி சிமெண்ட் மூட்டைகளை மூட ஓடினார்.

அப்புறம், இணையத்தில் INTJ என்பதுபோல நான்கெழுத்தில் ஆளுமை சொல்லும் தேர்வுகள் கிடைக்கின்றன. அடுத்த மாதம் மறுபடி எழுதினால் எழுத்து மாறிவிடலாம். அதை நம்பிக் கல்லூரி தேடாதீர்கள்.

ஒரு அம்மா மட்டும் என் கேள்விக்கு, "இலைக்கட்டில் எத்தனை மிச்சம்னு எண்ணிட்டிருப்பான் சார்" என்றார். அந்தப் பையன் இப்போது எஸ்டிமேட் போடுகிறான். போன மாதம் என் வரைபடத்தில் விட்டுப்போன இரண்டு ஜன்னலைக் கண்டுபிடித்தது அவன்தான்.