முகம் வெளுத்த ஸ்டோயிக்

[திரை: புயலில் தத்தளிக்கும் பழங்காலக் கப்பல்]

கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. கிரேக்கத்திலிருந்து இத்தாலிக்குப் போகும் கப்பல் ஒன்று அயோனியன் கடலில் புயலில் மாட்டிக்கொள்கிறது. அதில் ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் ஜெல்லியஸ் இருக்கிறார், ஏதென்ஸில் பேர்பெற்ற, ஸ்டோயிக் என்ற தத்துவத்தைக் கற்பிக்கும் ஓர் ஆசிரியரும் இருக்கிறார். எல்லாரும் அலறிக்கொண்டிருக்கும்போது ஜெல்லியஸ் அந்த ஆசிரியரின் முகத்தைத்தான் தேடிப் பார்க்கிறார். எதற்கும் கலங்காத கூட்டம் என்கிறார்களே, பார்ப்போம் என்று. பார்த்தால் அவருக்கும் முகம் வெளுத்துப் போயிருக்கிறது! புலம்பவில்லை, அவ்வளவுதான்.

புயல் ஓய்ந்ததும் ஒரு பணக்காரப் பயணி வந்து, நானே பயப்படவில்லை, உமக்கு ஏன் முகம் வெளுத்தது என்று கிண்டல் செய்கிறார். பிறகு ஜெல்லியஸ் மரியாதையாக அதையே கேட்டபோது, ஆசிரியர் பையிலிருந்து ஸ்டோயிக் தத்துவஞானி எபிக்டெட்டஸின் உரைகளில் ஐந்தாம் பகுதியை எடுத்துக் கொடுக்கிறார். அதில் இருந்தது இதுதான்: திடீரென்று இடி விழுந்தால், கெட்ட செய்தி வந்தால், ஞானிக்கும் ஒரு கணம் தூக்கிவாரிப் போடும். அது யாரிடமும் அனுமதி கேட்டு வருவதில்லை. ஆனால் அந்தப் பயம் சொல்வதற்கு ‘ஆமாம், அப்படித்தான்’ என்று தலையாட்டுவதா வேண்டாமா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

பளிங்குச் சிலையைக் காட்டி, கனத்த குரலில் ‘எதையும் உணராதே’ என்று சொல்லும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அவற்றின் மேல் கொஞ்சம் எரிச்சல் உண்டு, ஏனென்றால் ஸ்டோயிக்குகள் அப்படிச் சொல்லவே இல்லை.

[திரை: தூண்கள் நிறைந்த மண்டபம்]

சரி, யார் இவர்கள்? சைப்ரஸிலிருந்து வந்த ஜெனோ, கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸில் ஓவியம் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில் பாடம் நடத்தினார். அந்த மண்டபத்துக்கு கிரேக்கத்தில் ஸ்டோவா, அதிலிருந்து வந்த பெயர்தான் இது. நானூறு ஆண்டுக்கு மேல் கழித்துப் பார்த்தால், அடிமையாக இருந்த எபிக்டெட்டஸும் இதைச் சொல்லிக்கொடுக்கிறார், கி.பி. 161 முதல் 180 வரை ஆண்ட ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸும் போர்முனையில் உட்கார்ந்து இதையே தனக்குத்தானே எழுதிக்கொள்கிறார்.

இப்போது அந்தத் தலையாட்டும் விஷயத்துக்கு வருவோம். நண்பருக்கு ஒரு மெசேஜ் அனுப்புகிறீர்கள், இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது, மூன்று மணி நேரமாகியும் பதில் இல்லை. நடந்தது அவ்வளவுதான். ‘என்னை மதிக்கவில்லை’ என்பது நடந்ததல்ல, நீங்கள் சேர்த்தது. சேர்த்துவிட்டு, அதற்கு ஆமாம் போட்டுவிட்டு, அப்புறம் போன வருடம் அவர் உங்கள் பிறந்தநாளை மறந்தது வரைக்கும் போய்விடுவீர்கள். மனிதர்களைக் கலக்குவது நிகழ்வுகள் அல்ல, அவற்றைப் பற்றிய அபிப்பிராயங்கள்தான் என்கிறார் எபிக்டெட்டஸ். 1950களில் ஆல்பர்ட் எல்லிஸ் தன் உளவியல் சிகிச்சை முறையை உருவாக்கியபோது, இந்தக் கருத்தை எங்கிருந்து எடுத்தேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

அப்படியானால் பதில் வராததைக் கண்டுகொள்ளவே கூடாதா? தாராளமாகக் கேளுங்கள். எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரிப்பதைச் சிலர் கைகட்டி உட்காருவதற்குச் சாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்டோயிக்குகள் வில்லாளியை உதாரணம் காட்டுவார்கள். குறி பார்ப்பது, நாணை இழுப்பது, விடுவது எல்லாம் அவன் வேலை, அதில் ஒரு குறையும் வைக்கக் கூடாது. அம்பு கிளம்பிய பிறகு காற்றடிக்கலாம், குறியே நகர்ந்துவிடலாம். வேலைக்கான நேர்காணலுக்கு ஒழுங்காகத் தயாராவது உங்களுடையது, அவர்கள் ஏற்கெனவே வேறொருவரை மனதில் வைத்திருந்தால் அது காற்று.

எபிக்டெட்டஸ் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பொதுக் குளியலறை பற்றியது. குளிக்கக் கிளம்பும் முன் அங்கே என்ன நடக்கும் என்று நினைத்துப் பார் என்கிறார். தண்ணீரை வாரி அடிப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், துணியைத் திருடுவார்கள். ‘எனக்குக் குளிக்கவும் வேண்டும், என் மனமும் நிலைகுலையக் கூடாது’ என்று சொல்லிக்கொண்டு போ. குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறப்பதற்கு முன் இதைச் சொல்லிப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

[திரை: அணையும் விளக்கு]

கடைசியாக செனெகா, இன்னொரு ஸ்டோயிக். பெரும் பணக்காரர், ரோமப் பேரரசர் நீரோவின் ஆலோசகர், எளிமையைப் பற்றி எழுதிக்கொண்டே செல்வத்தில் புரண்டவர் என்ற விமர்சனம் அவர் காலத்திலேயே இருந்தது. இருந்தாலும் அவர் சொன்ன இரவுப் பழக்கம் உருப்படியானது. விளக்கை எடுத்துப் போனதும், பழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, அன்று செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாராம். அந்த வாக்குவாதத்தில் சூடாகிவிட்டாய், இனி வேண்டாம். அவனை அளவுக்கு மீறிக் கண்டித்தாய், அவன் திருந்தவில்லை, புண்பட்டதுதான் மிச்சம். தன்னைத் திட்டுவதில்லை, இந்தத் தடவை மன்னித்தேன் என்று முடித்துவிடுகிறார்.

நானும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி ஆரம்பித்தேன். முதல் ராத்திரி என் தவறுகள் என்று தலைப்புப் போட்டு மூன்று எழுதினேன். காலையில் எடுத்துப் படித்தால், அதில் இரண்டு மற்றவர்களுடையது.