0.1 புள்ளிச் சண்டை: 1993 ஸ்டார் ஆஃப் இந்தியானா

வணக்கம் மக்களே. பின்னால் மின்விசிறிச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதை நிறுத்தினால் நான் வெந்துவிடுவேன்.

ட்ரம் கோர் என்றால் மைதானத்தில் அணிவகுத்தபடி வாசிக்கும் இசைக்குழு. அதன் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் சண்டை நிச்சயம். எனக்குப் பிடித்தது 1993 சண்டை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில் டிசிஐ (ட்ரம் கோர் இன்டர்நேஷனல்) இறுதிப்போட்டி. கேடட்ஸ் குழுவுக்கு 97.4 புள்ளி, ஸ்டார் ஆஃப் இந்தியானா குழுவுக்கு 97.3. அந்த 0.1 புள்ளியை இன்னும் மென்றுகொண்டிருக்கிறார்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விஷயம். அன்றைய ட்ரம் கோரில் பித்தளைக் கருவிகள், தாளக் கருவிகள், கொடி சுழற்றும் கலர் கார்டு, அவ்வளவுதான். கிளாரினெட், புல்லாங்குழல் கிடையாது. 93-இல் பித்தளை என்றால் ஜி சுருதியில் அமைந்த பியூகிள் என்ற ஊதுகருவி மட்டும். மைக் வைக்கவும் அனுமதி இல்லை.

இந்தக் கட்டுக்குள் நின்றுகொண்டு ஸ்டார் எடுத்த இசையைப் பாருங்கள். அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரின் ‘மெடியா’, கூடவே ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் ‘தந்திகள், தாளம், செலஸ்டாவுக்கான இசை’ (செலஸ்டா என்பது பியானோ மாதிரி ஒரு விசைக்கருவி). பெயரே சொல்கிறதே, பார்டோக் அதில் ஒரு பித்தளைக் கருவிகூட வைக்கவில்லை! வயலின்காரர் வில்லை இழுத்து ஒரு சுரத்தை நிதானமாக வளர்ப்பார். பியூகிள்காரர் அதையே மூச்சில் செய்யவேண்டும், அதுவும் மைதானத்தில் நடந்தபடி. ஒருவர் மூச்செடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் விடாமல் பிடிக்கவேண்டும். கொஞ்சம் பிசகினாலும் இழை அறுந்துவிடும்.

கேடட்ஸ் வாசித்தது அமெரிக்க இசையமைப்பாளர் ஹோல்சிங்கரின் இசை, காற்றுக் கருவிக் குழுவுக்கென்றே எழுதப்பட்டது. சுலபம் என்று சொல்லவில்லை, தாளக் கணக்கு மாறிமாறி ஓடும், கேட்டாலே மூச்சு வாங்கும். ஆனால் பித்தளைக்கு அது சொந்த வீடு மாதிரி.

அந்த சீசனில் ஸ்டாரைப் பிடிக்காமல் கூச்சல் போட்டவர்களும் உண்டு. கைதட்ட இடமே கொடுக்காத இசையமைப்பு அது. சரி, நானும் யோக்கியன் இல்லை. முதல்தடவை வீடியோ பார்த்தபோது மூணாவது நிமிடத்தில் மூடிவிட்டேன். அப்புறம் பார்டோக்கின் மூலத்தைக் கேட்டுவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் பொறி தட்டியது.

“செவ்வியல் இசை என்றாலே கூட்டத்துக்குப் பிடிக்காது” என்பார்கள். அப்படியானால் 2008 டிசிஐ போட்டியில் ஃபாண்டம் ரெஜிமெண்ட் குழு? கச்சதூரியன் என்ற செவ்வியல் இசையமைப்பாளரின் ‘ஸ்பார்டகஸ்’ பாலே இசையைத்தான் வாசித்தார்கள். அரங்கமே எழுந்து கத்தியது, ப்ளூ டெவில்ஸ் குழுவை 0.025 புள்ளியில் வென்றார்கள். அந்த ஏற்பாட்டில் கதை இருந்தது, நிமிர்ந்து உட்காரவைக்கும் மெட்டு இருந்தது, அது வெடிக்கும் இடமும் தெளிவாக இருந்தது. ஸ்டார் அது மூன்றையும் வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு வந்த குழு.

என் கையில் மதிப்பெண் தாள் இருந்தால் அந்த 0.1-ஐ ஸ்டாருக்குத்தான் போடுவேன். அன்றைக்கு ஜாக்சனில் உட்கார்ந்திருந்தால் கேடட்ஸுக்குத்தான் கத்தியிருப்பேன், அதுவும் உண்மை.

அடுத்த வருடம் ஸ்டார் போட்டிக்கே வரவில்லை. மேடைப் பக்கம் போனார்கள், அந்த வழியில்தான் ‘பிளாஸ்ட்!’ என்ற மேடை நிகழ்ச்சி பிறந்தது, 2001-இல் அமெரிக்க நாடக உலகின் டோனி விருதும் வாங்கியது. நீங்கள் 93 வீடியோவைப் பாருங்கள். மூணாவது நிமிடத்தில் மட்டும் மூடிவிடாதீர்கள்.