மூடிய கதவுக்கு வெளியே

நேயர்களுக்கு என் வணக்கம்.

என் தம்பிக்கு மனச்சோர்வு வந்த புதிதில் நான் அவனிடம் அதிகம் கேட்ட கேள்வி, "இன்றைக்காவது குளித்தாயா?" என்பதுதான். அக்கறையோடுதான் கேட்டேன். ஆனால் கேட்கும்போதெல்லாம் அவன் போர்வையை இன்னும் சற்று மேலே இழுத்துக்கொண்டான். அவனுடைய பல் துலக்கும் பிரஷ் நான்கைந்து நாட்களாகக் காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்து எனக்குக் கோபம்கூட வந்தது. எழுந்து பல் துலக்கும் தெம்பைக்கூட உறிஞ்சிவிடுகிற நோய் அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவரும் அவருடைய குழுவினரும், மனநல மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பெற்றோரிடமோ கணவன், மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறைகளில் தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள். குடும்பத்தாருக்குக் கசக்கிற செய்திதான். குடும்பம் நோயை உண்டாக்குகிறது என்று யாரும் இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஓயாமல் குறை சொல்வது, வெறுப்பைக் காட்டுவது, பதறிப் பதறிப் பொத்திக் காப்பது ஆகியவை மிகுந்த வீடுகளில் நோய் அதிகமாகத் திரும்புகிறது என்று அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளிகளிடம் தொடங்கிய இந்த ஆய்வு, மனச்சோர்வு உள்ளவர்களிடமும் அதையே கண்டது. குறை சொல்வது, பொத்திக் காப்பது இரண்டையும் நான் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் மாலை அவன் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, "செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?" என்று கேட்டேன். கேட்க நா எழவில்லை, கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது தவறு, கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டியிருக்கின்றன. அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வருகிறது, அக்கா" என்றான். நான் வாதாடவில்லை, அழவும் இல்லை. அவனைத் தனியே விடாமல், வீட்டிலிருந்த மாத்திரைகளை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால், தயவுசெய்து மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

மருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனச்சோர்வு மருந்துகள் மனத்தில் வேலை செய்யத் தொடங்க 2 முதல் 4 வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குமட்டலும் வாய் உலர்வதும் முதல் சில நாட்களிலேயே வந்துவிடலாம். தொல்லை முதலில், பலன் பிறகு. அந்த இடைவெளியில்தான் பலர் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள். அப்போதுதான் பக்கத்தில் ஆள் வேண்டும். தேறிய பிறகும் குறைந்தது 6 மாதங்கள் மருந்தைத் தொடரச் சொல்வார்கள். "இன்னும் எத்தனை நாளைக்கு இந்த மாத்திரை?" என்று வீட்டில் ஒருவர் சலித்துக்கொண்டாலே போதும், மருந்து சாப்பிடுபவர் நிறுத்திவிடுவார். குறைப்பதை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும்.

குளித்தாயா என்று கேட்பதை விட்டேன். "நடக்கப் போகிறேன், வருகிறாயா?" என்று மட்டும் தினமும் கதவருகே நின்று கேட்பேன். பதில் வராது. நான் போய்விட்டு வருவேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தெருமுனை வரை வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும்போது அவனாக, "நாளைக்கும் இதே நேரம்தானா?" என்றான்.

வணக்கம்.