வெள்ளிக்கிழமை ஓட்டு, புதன்கிழமையே கடை மூடல்: இது என்ன கணக்கு?

[காட்சி: மண்டபம் கரை, சாயங்காலம். வரிசையாகக் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகள்.]

2024 ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை. அந்த வெள்ளிக்கிழமை, 19ஆம் தேதி, மக்களவைத் தேர்தல் ஓட்டு. முந்தின நாள்தான் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அதனால் ஊர் ஆம்பளைகள் மொத்தப் பேரும் கரையில் இருந்தார்கள், அதில் பாதிப் பேர் அன்றைக்கு டாஸ்மாக் வரிசையில் இருந்தார்கள். நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன், நம்பினால் நம்புங்கள்.

வரிசையில் நின்ற ஒரு சேக்காளி, படகில் வேலை பார்ப்பவன், என்னைப் பார்த்ததும் கேட்டான்: "மாப்ள, ஓட்டு வெள்ளிக்கிழமைதானே? இவன் ஏன்டா புதன்கிழமையே பூட்டுறான்? ஓட்டுப் போடுற அன்னைக்கு மட்டும் பூட்டுனா பத்தாதா?"

நல்ல கேள்வி. இந்த வீடியோ அதுக்குத்தான்.

[காட்சி: கடிகாரம், முள் பின்பக்கமாகச் சுற்றுகிறது.]

நம்மில் பலர் இதை ஏதோ டாஸ்மாக்குக்கு விடுமுறை என்று நினைக்கிறோம். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் அப்படி நினைப்பதில் ஆச்சரியமும் இல்லை, ஏனென்றால் செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் கடைசியில் பசும்பொன்னில் தேவர் குருபூஜை என்று கலெக்டர் உத்தரவில் கடை மூடுவதைப் பார்த்தே பழகியவர்கள் நாம், அது போக காந்தி ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள் என்று வழக்கமான மதுவிலக்கு நாட்கள் வேறு. ஆனால் தேர்தலுக்கு மூடுவது வேறு ரகம். அது கலெக்டர் விருப்பப்பட்டுப் போடுவது அல்ல. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135சி என்று ஒரு பிரிவு இருக்கிறது, 1996இல் சேர்த்தது. அது நாளைக் கணக்கு வைப்பதே இல்லை, மணியைத்தான் வைக்கிறது. வாக்குப்பதிவு எத்தனை மணிக்கு முடிகிறதோ அங்கே ஆரம்பித்து 48 மணி நேரம் பின்னோக்கி எண்ண வேண்டும்.

எண்ணிப் பார்ப்போம். 2024இல் வாக்குப்பதிவு காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை. வெள்ளி மாலை 6லிருந்து 48 மணி நேரம் பின்னால் போனால் புதன் மாலை 6. சட்டப்படி பார்த்தால் புதன்கிழமை மாலை வரை கடை திறந்திருக்கலாம், ஆனால் இங்கே 17, 18, 19 மூன்று நாளும் மூடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. பகல் 12 மணிக்குத் திறக்கிற கடையை மாலை 6 மணிக்குச் சாத்தச் சொன்னால் அந்த ஆறு மணி நேரத்தில் என்ன தள்ளுமுள்ளு நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், ஆகவே முழு நாளாக மூடியதில் எனக்கு ஒன்றும் குறை இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலிலும் இதே மாதிரிதான், ஏப்ரல் 6 ஓட்டுக்கு 4, 5, 6 மூடல்.

சரி, பஸ் ஏறி தொண்டியைத் தாண்டிப் போய் வாங்கினால்? சாயல்குடியைத் தாண்டித் தூத்துக்குடிப் பக்கம் போனால்? 2024இல் மாநிலம் முழுக்க ஒரே நாளில் ஓட்டு, எங்கே போனாலும் பூட்டுத்தான். அதுவும் நம் ராமநாதபுரம் தொகுதி இந்த மாவட்டத்தோடு நிற்பதில்லை, அந்தப் பக்கம் அறந்தாங்கி புதுக்கோட்டை மாவட்டம், இந்தப் பக்கம் திருச்சுழி விருதுநகர் மாவட்டம். இடைத்தேர்தல் என்றால் கதை வேறு. அதே வருஷம் ஜூலை 10 விக்கிரவாண்டியில் ஓட்டு, நம் ஊர்க் கடைகள் பாட்டுக்குத் திறந்திருந்தன. சட்டம் சொல்வது வாக்குப்பதிவு நடக்கிற பகுதியை மட்டும்தான்.

[காட்சி: சட்டப் பிரிவின் வரிகள் திரையில், மூன்று சொற்கள் மஞ்சள் நிறத்தில்.]

இனிமேல்தான் விஷயமே. அந்தப் பிரிவில் மூன்று வினைச்சொற்களைக் கவனியுங்கள்: விற்பது, கொடுப்பது, விநியோகிப்பது. "குடிப்பது" அதில் இல்லை. செவ்வாய்க்கிழமை வாங்கி வைத்ததை வியாழக்கிழமை வீட்டில் உட்கார்ந்து குடித்தால் 135சி உங்களைத் தொடாது. குடித்துவிட்டுப் பூத் வாசலில் போய் அலம்பல் பண்ணினால் 131ஆம் பிரிவு தொடும், மூன்று மாதம் வரை உள்ளே போகலாம்.

ஆனால் என் சேக்காளி அன்றைக்கே இன்னொன்றும் கேட்டான். பையில் நாலு குவாட்டர் வைத்துக்கொண்டு, "நாளைக்கழிச்சு எவனாவது வந்து கெஞ்சுனா ஒன்னை ஐம்பது ரூபா கூட வச்சுக் குடுத்துட்டா?" என்றான். அது விற்பனை, குற்றம். "சரிடா, சும்மா குடுத்தா?" அப்போதும் "கொடுப்பது" என்ற சொல் அங்கே உட்கார்ந்திருக்கிறது. கடை, ஓட்டல், பொது இடம், தனியார் இடம் எல்லாம் சேர்த்தே சட்டம் எழுதியிருக்கிறார்கள், வலை பின்னுகிற கொட்டகையும் அதில் அடக்கம். சினேகிதர்கள் ரெண்டு பேர் பங்கு போடுவதைத் தேடிப் போலீஸ் வரப்போவதில்லை, உண்மைதான். அந்தச் சொல் வேறு யாரையோ குறி வைத்து எழுதப்பட்டது. யாரை என்று தேர்தலுக்கு முந்தின ராத்திரி எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள்.

தண்டனை? ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரக்கைப் பறிமுதல் செய்வார்கள். பெட்டி பெட்டியாக இறக்குகிற ஆளுக்கு 2,000 ரூபாய் என்பது டீச்செலவு, 1996இல் போட்ட தொகை இன்னும் அப்படியே கிடக்கிறது. இதைவிட வேடிக்கை ஒன்று சொல்லவா? ஓட்டுக்குப் பணம் கொடுப்பது லஞ்சம், அதற்குச் சிறை உண்டு. அதே ஓட்டுக்குச் சாப்பாடும் சரக்கும் வாங்கிக் கொடுத்தால் அதுவும் லஞ்சம்தான், ஆனால் அதற்கு அபராதம் மட்டுமே. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான், 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். பிரியாணிக்கும் குவாட்டருக்கும் அவ்வளவு கரிசனம் ஏனோ.

அப்புறம் ஒரு குறை எல்லோரும் சொல்வது: "ஏழைக்கு டாஸ்மாக் பூட்டு, பணக்காரனுக்கு ஓட்டல் பார் திறப்பு." தேர்தல் விஷயத்தில் அது சரியில்லை. கிளப், நட்சத்திர ஓட்டல், எந்த உரிமம் வைத்திருந்தாலும் அந்த நாட்களில் பரிமாறக்கூடாது என்பதுதான் தேர்தல் ஆணையத்தின் உத்தரவு. மறுவாக்குப்பதிவு நடந்தால் அந்தப் பகுதிக்கு மறுபடியும் இதே கணக்கு. வாக்கு எண்ணும் நாளுக்கும் மூடுகிறார்கள், 2024இல் ஜூன் 4. அது 135சி அல்ல, மாநில மதுவிலக்குச் சட்டத்தின்படி வருவது. மும்பையில் ஓட்டல்காரர்கள் இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள், முடிவு அறிவித்த பிறகு விற்கலாம் என்று தீர்ப்பு வாங்கினார்கள். இங்கே அப்படி யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

யாராவது மொத்தமாக இறக்குவதைப் பார்த்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ எடுத்துப் போடலாம், பெயர் சொல்லாமலும் போடலாம், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் கணக்கு. 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்கு போனும் போடலாம்.

[காட்சி: பனைமரம், கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்புப் பூச்சு, நெருக்கமாக.]

கடைசியாக ஒரு சந்தேகம், இது சாயல்குடிப் பக்கத்துப் பனையேறி ஒருவர் கேட்டது. சட்டத்தில் "புளிக்க வைத்த" பானம் என்று வருகிறதே, அப்படியென்றால் பதநீர்? கள்ளுக்குத் தமிழ்நாட்டில் 1987 முதலே தடை, தேர்தல் வந்தாலும் வராவிட்டாலும். பதநீர் அப்படியில்லை. கலயத்துக்குள் தடவுகிற அந்தச் சுண்ணாம்பு எதற்கு? புளிக்காமல் இருக்கத்தானே. சித்திரை வெயிலில் பூத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது ஓலைப் பட்டையில் ஊற்றித் தந்தால் தாராளமாகக் குடிக்கலாம், வேட்பாளர் செலவில் மட்டும் வேண்டாம்.