தவறு யாருடையது என்று கேட்காத இழப்பீடு

நண்பர்களே, வணக்கம்.

தடுப்பூசியால் பாதிக்கப்பட்டேன் என்று ஒருவர் வழக்குப் போட்டால், உடனே அவரைத் தடுப்பூசிக்கு எதிரி என்று முத்திரை குத்திவிடுகிறோம். இது பெரிய அநியாயம். எல்லோருக்கும் நல்லது என்று நாம் சொன்னதை நம்பிக் கையை நீட்டியவர் அவர்.

1955இல் அமெரிக்காவில் கட்டர் நிறுவனம் தயாரித்த போலியோ தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் தங்கிவிட்டது. பல குழந்தைகளுக்குக் கைகால் முடங்கியது, உயிர்களும் போயின. வழக்கை விசாரித்த ஜூரி, நிறுவனம் அஜாக்கிரதையாக நடக்கவில்லை, ஆனாலும் இழப்பீடு தரத்தான் வேண்டும் என்றது. தவறு வேறு, பொறுப்பு வேறு என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

அப்புறம் 1980களில் வழக்குகள் குவிந்தன. தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். ஊசியே கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் 1986இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு டோஸிலும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் ஊசிக்கு இரண்டே கால் டாலர். தவறு யாருடையது என்று கேட்காமல், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கும் இழப்பீட்டு நிதி அந்தப் பணம்தான்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தச் சட்டத்தின் அட்டவணை, அதாவது எந்த ஊசிக்கு எந்தப் பாதிப்பு என்ற பட்டியல். உதாரணமாக, ஊசியைக் கையில் போட வேண்டிய இடத்துக்கு மேலே, தோள் மூட்டுக்கு அருகில் குத்திவிட்டால் மூட்டில் வீக்கம் வரும், கையைத் தூக்க முடியாது. 48 மணி நேரத்துக்குள் அந்த வலி தொடங்கி, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், ஊசிதான் காரணம் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. அட்டவணையில் இல்லாத பாதிப்பு என்றால் ஆதாரம் காட்ட வேண்டும். ஊசியால் ஆட்டிசம் வந்தது என்று தொடுத்த வழக்குகள் 5,000க்கு மேல். மாதிரி வழக்குகளை விரிவாக விசாரித்து, ஆதாரம் இல்லை என்று தள்ளினார்கள். சரியான தீர்ப்பு. கேட்டவருக்கெல்லாம் கொடுப்பதற்கல்ல இந்த நிதி.

ஆனால் பிரிட்டனைப் பாருங்கள். அங்கே 1979இலேயே இப்படி ஒரு இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. 2007இல் இழப்பீட்டுத் தொகையை 1,20,000 பவுண்டாக உயர்த்தினார்கள். ஆனால் ஊனம் 60 சதவீதம் இருந்தால்தான் பணம். ஊசிதான் காரணம் என்று அரசே ஒப்புக்கொண்டாலும், மருத்துவர் 55 என்று எழுதினால் ஒரு காசும் வராது! 55 சதவீதம் ஊனத்தோடு அவர் எந்த வேலைக்குப் போவார்? குடும்பத்தை எப்படி நடத்துவார்? ஊனம் எவ்வளவோ அவ்வளவுக்குக் கொடுங்கள் என்பதுதான் நான் கேட்பது. இந்த 60 என்ற கோடு போக வேண்டும்.